வாயை அடைத்தது யார்?

"நம்ம பிள்ளைங்களுக்குக் கூச்ச சுபாவம். கேள்வி கேட்டா வாயே திறக்க மாட்டாங்க." ஆசிரியர் அறையில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். கிராமத்துப் பிள்ளை, முதல் தலைமுறைப் படிப்பு என்று ஆளுக்கொரு காரணமும் வைத்திருக்கிறார்கள். சுத்தப் பொய்.

அதே பிள்ளைகள் ஆசிரியர் வெளியே போன மறுநிமிடம் என்ன செய்கிறார்கள்? பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதற்கென்றே ஒரு லீடரை வைத்திருக்கிறோமே, எதற்கு? பேசத் தெரியாத கூட்டத்துக்கா இத்தனை காவல்?

அவர்கள் வாயை அடைப்பது நாம் கேட்கிற விதம். ஒரு வகுப்பின் கேள்விகளைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். "தாவரங்கள் உணவு தயாரிக்கிறதுக்குப் பேரு ஒளிச்...?" "சேர்க்கை!" என்று வகுப்பே கத்தும். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்!" முதலாவதில் பாதி விடையை ஆசிரியரே சொல்லிவிடுகிறார். இரண்டாவதற்கு 'இல்லை' என்று சொன்னவனின் கதி எல்லோருக்கும் தெரியும். மிச்சமெல்லாம் புக் பேக் கேள்விகள். முதல் பெஞ்சில் மூன்று கைகள் உயரும், ஒன்று பதில் சொல்லும், பாடம் நகரும். வராந்தாவில் போகிறவருக்கு வகுப்பு கலகலப்பாக நடப்பதுபோலத் தெரியும்.

அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ, வகுப்பறைகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1974இல் எழுதினார். அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. பின்தங்கியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பேசினார்கள். இதைவிட உறைக்கிற விஷயம் ஒன்றும் அதில் உண்டு. மந்தம் என்று ஆசிரியர் கருதிய பிள்ளைக்குக் கிடைத்த நேரம் மற்றவர்களைவிடக் குறைவு. யோசிக்க அதிக நேரம் வேண்டும் என்று யாரைச் சொல்கிறோமோ அவனுக்கே! இதற்கும் கூச்ச சுபாவம்தான் காரணமா?

"போர்ஷனை யார் முடிப்பது?" என்பார்கள். ஒரு பீரியடில் 20 கேள்வி கேட்டாலும், கேள்விக்கு 2 நொடி கூடுதல் என்றால் மொத்தம் 40 நொடி. அட்டெண்டன்ஸ் எடுக்கவே அதைவிட அதிகம் ஆகிறது. வகுப்பில் 50 பேர் என்பது நியாயமான குறை. அதற்கு அரசோடு சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் 50 பேர் இருக்கும் வகுப்பில், பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டுக் கேள்வியைக் கேட்டால் மற்ற 49 பேரும் அந்த நொடியே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேள்வி முதலில் எல்லோருக்கும் போகட்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசட்டும். பெயர் அப்புறம்.

கேட்கிற கேள்வியும் மாற வேண்டும். 'ஆவி சுருங்குதல் என்றால் என்ன?' என்றால் மனப்பாடம்தான் வரும். ஐஸ் தண்ணீர் டம்ளரை மேசையில் வைத்து, "வெளியே தண்ணி எப்படி வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். கசிந்தது என்பான் ஒருவன். டம்ளரில் ஓட்டை இல்லையே என்பாள் இன்னொருத்தி. அங்கே "தப்பு, உக்காரு" என்று முடித்துவிடாதீர்கள். "ஐஸ் போடாத தண்ணி ஏன் கசியல?" என்று அவனையே திருப்பிக் கேட்டால் பாதிப் பாடத்தை அவனே நடத்திவிடுவான். தப்பான பதிலுக்குக் கேலியும் நிற்கவைக்கும் தண்டனையும் கிடைக்கிற இடத்தில் சும்மா இருப்பது கூச்சமல்ல, சாமர்த்தியம்.

வகுப்பைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடக்குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். கேள்விக்குப் பின் ஆசிரியர் எத்தனை நொடி பொறுக்கிறார், எத்தனை பிள்ளைகள் பேசினார்கள் என்று மட்டும் எண்ணி, அந்தக் கணக்கை ஆசிரியரிடமே கொடுங்கள். பிள்ளைகளைக் குறைசொல்வதைப் பற்றி அவர் அப்புறம் யோசிக்கட்டும்.