நோட்டுஸ்வரத்துக்கும் ஊர் உண்டு

ஐரோப்பிய மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் பாட்டுக் கட்டிய நோட்டுஸ்வரங்களை நாம் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கிவிட்டோம். இசைப்பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடுவார்கள், பெற்றோர் படம் எடுப்பார்கள், அத்தோடு சரி. பாடப் புத்தகத்தில் சங்கராபரணம் என்று ராகத்தின் பெயர் இருக்கும், தாளம் இருக்கும். மெட்டு எங்கே பிறந்தது, யார் காலுக்காக வாசிக்கப்பட்டது என்பது இருக்காது. வயலின் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

அந்த மெட்டுகளுக்குப் பெயர் உண்டு. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் ‘காட் சேவ் த கிங்’ என்பது பலருக்கும் தெரியும். ‘வந்தே மீனாக்ஷி’ அயர்லாந்தின் கார்க் பகுதியிலுள்ள மாலோ என்ற ஊரின் பெயரைத் தாங்கிய ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்பதும், ‘ஜகதீச குருகுஹ’ ஸ்காட்லாந்தின் ‘லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்’ என்பதும் அவ்வளவாகத் தெரியாது. தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு இசை தீட்சிதரின் காதில் விழுந்தது அப்படித்தான். தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலினே கற்றுக்கொண்டார். அதே குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 1905-ல் அச்சான தன் ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ நூலில் இந்த நோட்டுஸ்வரங்களுக்கும் இடம் கொடுத்தார். ஒதுக்கிவைக்க வேண்டியவை என்று அவர் நினைக்கவில்லை.

ரீல் என்பது ஆட்டத்துக்கான மெட்டு. பெரும்பாலும் இரண்டே பகுதி. ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஆடுகிறவர்கள் ஓயும்வரை மெட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் வயலின் பரவுவதற்கு முன்பே பேக்பைப் இருந்தது. வாயால் பாடியே ஆடும் பழக்கமும் இருந்தது. பழைய ஆட்ட மெட்டுகள் பல அங்கிருந்துதான் வயலினுக்கு வந்தன. பேக்பைப்பில் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரே ஸ்வரம் அடியில் நின்று ஒலிக்கும். அந்த நாதம் வயலினிலும் வேண்டும் என்பதற்காக அங்குள்ள வித்வான்கள் சில மெட்டுகளுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிக் கட்டினார்கள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் இன்றும் அப்படிக் கட்டி வாசிக்கிறார்கள். அப்போது நான்கு தந்திகளும் எப்படி நிற்கும் தெரியுமா? ஸ, ப, ஸ, ப. நாம் தினமும் சுருதி சேர்க்கிற அதே முறை. இதை முதன்முதலில் கேட்டபோது என் வயலினை எடுத்து, திறந்த தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் பார்த்தேன். அந்த மெட்டுகள் எனக்கு அந்நியம் என்ற எண்ணம் அன்றே போய்விட்டது.

லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல் சென்னைக்கு மட்டும் வரவில்லை. அயர்லாந்தின் ஸ்லைகோ பகுதியில் 1891-ல் பிறந்து, 1914-ல் நியூயார்க் போன மைக்கேல் கோல்மன் அதைத் தன் வழியில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அமெரிக்கத் தென்பகுதிக் கிராமங்களில் அது ‘லெதர் பிரிட்சஸ்’ ஆனது. போன இடமெல்லாம் வில் மாறியது, வேகம் மாறியது, பெயரும் மாறியது. எதையும் போலி என்று அங்கே யாரும் தள்ளவில்லை.

வாத்திய மெட்டுக்குச் சொல் கட்டுவதும் அந்த மரபிலேயே உண்டு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1787-ல் நீல் கௌ என்ற புகழ்பெற்ற வயலின்காரரைச் சந்தித்தார். அதே ஆண்டு தொடங்கி 1803 வரை ஆறு தொகுதிகளாக வந்த ‘ஸ்காட்ஸ் மியூசிக்கல் மியூசியம்’ நூலுக்காக, ஆட்ட மெட்டுகள் பலவற்றுக்குப் பாட்டு எழுதித் தந்தார். 1775-ல் பிறந்த தீட்சிதர் அவருடைய காலத்தவர். ஒருவர் ஸ்காட்லாந்தின் பேச்சுமொழியில் காதலையும் நட்பையும் எழுதினார். மற்றவர் சமஸ்கிருதத்தில் மீனாக்ஷியையும் முருகனையும் பாடினார். ஆகவே, தீட்சிதர் வெள்ளைக்காரன் பாட்டைப் பிரதி எடுத்தார் என்று முகம் சுளிப்பதும் தவறு, சாதாரண மெட்டை அவர் உயர்த்திவிட்டார் என்று பெருமை பேசுவதும் தவறு. அந்த மெட்டுகளைப் பெற்றவர்கள் என்ன செய்தார்களோ அதையே அவர் தன் பக்தியோடு செய்தார்.

கமகம் இல்லை, ராக பாவம் இல்லை, இதில் என்ன சங்கீதம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கமகம் இல்லைதான். ரீலின் உயிர் வில்லின் வெட்டில் இருக்கிறது: எந்த ஸ்வரத்தில் அழுத்துவது, எதைத் தொட்டும் தொடாமலும் விடுவது என்பதில். நாமோ எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே அளவு வில் போட்டு வாசிக்கவைக்கிறோம். ஆட்டம் போய்விடுகிறது, வெறும் ஸ்வர வரிசை மிஞ்சுகிறது. அதைக் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அசல் ரீலைப் பிள்ளைகளைக் கேட்கவைத்துவிட்டு வில்லைக் கையில் கொடுத்துப் பாருங்கள். தானாகக் கால் தாளம் போடுகிறது, மணிக்கட்டு இளகுகிறது. வர்ணத்தின் இரண்டாம் காலத்துக்கு வேண்டிய வேகம்கூட அதில் பழகிவிடுகிறது.

நான் கேட்பது பெரிய செலவில்லாத காரியம். பாடப் புத்தகத்திலும் கச்சேரி நிகழ்ச்சி நிரலிலும் ராகம், தாளத்தோடு மூல மெட்டின் பெயரையும் நாட்டையும் ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். வகுப்பில் நோட்டுஸ்வரம் தொடங்கும் நாளில் அசல் மெட்டை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். இன்று அதற்கு ஒரு கைபேசி போதும். டிசம்பர் சீசனில் ஒரு சபாவாவது மூல மெட்டையும் தீட்சிதர் பாட்டையும் அடுத்தடுத்து வாசிக்க மேடை கொடுக்கட்டும். வாசிக்கத் தெரிந்த இளம் கலைஞர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள்.