ஏழு மீற்றர் தள்ளி நின்று



ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, அவர்களில் ஒருவரையேனும் காணாமல் சொல்ல முடியுமா? முடியும். விடியற்காலையில் போய், விரித்துக் கிடக்கும் பாய்களை எண்ணினால் போதும். உம்மாவோடு ஒட்டிப் படுக்கும் சின்னப் பிள்ளைக்குத் தனிப்பாய் இராது. அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே கணக்கை ஒரு பெருங்காட்டுக்குள் செய்துகொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேசப் போகிறேன். அவர்கள் எண்ணுவது மனிதர்களை அல்ல, சிம்பன்சிகளை.

மேற்கு ஆபிரிக்காவிலே ஐவரிகோஸ்ட் என்றொரு நாடு இருக்கிறது. அதன் தென்மேற்கு மூலையில், லைபீரிய எல்லைக்கு அருகே, தாயீ என்னும் மழைக்காடு உள்ளது. 1972ஆம் ஆண்டு அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1982இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இன்று அதன் பரப்பு ஐயாயிரம் சதுர கிலோமீற்றருக்கு மேல். ஒரு காலத்தில் மேற்கு ஆபிரிக்கக் கரையோரம் நெடுகப் பரந்திருந்த காட்டில், பெரிய துண்டாக மிஞ்சியிருப்பது இதுதான்.

மற்றக் காடுகளுக்கு என்ன நடந்தது? விடை எங்கள் வீடுகளுக்குள்ளேயும் கிடக்கிறது. பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் சொக்லட்டைப் பாருங்கள். உலகில் விளையும் கொக்கோவில் ஏறத்தாழ நாற்பது வீதம் ஐவரிகோஸ்ட்டிலிருந்து வருகிறது. கொக்கோ நடுவதற்காகவே காடு வெட்டப்பட்டது. வெட்டியவர்களில் அநேகர் பணக்காரர்களும் அல்லர். சிறு துண்டு நிலத்தை நம்பிப் பிள்ளை குட்டிகளை வளர்க்கும் ஏழை விவசாயிகள்தாம்.

பாய் எண்ணும் கணக்கு

சிம்பன்சியைக் காட்டில் காண்பது இலகுவான காரியமல்ல. மனித வாடை பட்டதும் மறைந்துவிடும். ஆனால் அது ஒவ்வொரு நாள் மாலையிலும் மரத்தின் மேலே கிளைகளை வளைத்து, இலைகளைப் பரப்பித் தனக்கொரு படுக்கை செய்கிறது. நேற்றைய படுக்கையில் இன்று படுப்பது அரிது. பால்குடி மறக்காத குட்டி தாயின் படுக்கையிலேயே தூங்கும்.

எண்ணுபவர்கள் காட்டுக்குள் நேர்கோடாக நடக்கிறார்கள். கண்ணில் படும் படுக்கைகளை எல்லாம் குறித்து, ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்கிறார்கள். ஒரு படுக்கை உலர்ந்து உதிர்ந்துபோக, தாயீ காட்டில் சராசரியாகச் சுமார் மூன்று மாதம் எடுக்கிறது. பகல் தூக்கத்துக்காகச் செய்யும் படுக்கைகளையும் கழித்துப் பார்த்தால், காட்டில் எத்தனை சிம்பன்சிகள் உண்டென்று கணித்துவிடலாம். ஏற்கெனவே தலை எண்ணிக்கை தெரிந்த கூட்டங்கள் வாழும் இடத்தில் இந்தக் கணக்கைச் செய்து, விடை சரிதானா என்று ஒத்துப் பார்த்தும் இருக்கிறார்கள்.

இப்படி எண்ணியபோதுதான் பயங்கரமான ஓர் உண்மை வெளிப்பட்டது. ஐவரிகோஸ்ட் முழுவதும் 1989-90இல் ஒருமுறை எண்ணியிருந்தார்கள். 2007இல் அதே இடங்களுக்குப் போய் மறுபடியும் எண்ணினார்கள். முன்பு பத்துப் படுக்கைகள் கண்ட இடத்தில் இப்போது ஒன்றுதான்! பதினெட்டு வருடத்துக்குள் தொண்ணூறு வீதம் குறைந்துவிட்டது. 2002இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் சில காடுகளில் காவலே இல்லாமற் போனது. நாட்டின் நடுப்பகுதியிலுள்ள மரஹூவே என்ற தேசியப் பூங்காவுக்குள் மக்கள் புகுந்து பயிர் செய்தார்கள். அங்கே சிம்பன்சிகள் அற்றுப்போகும் நிலைக்கு வந்தன. மேற்கு ஆபிரிக்கச் சிம்பன்சி இனம் மிகக் கடுமையான அழிவு ஆபத்தில் இருப்பதாக 2016இல் அறிவிக்கப்பட்டது.

ஆனால் தாயீ தப்பி நின்றது. ஏன் என்பதைக் கேளுங்கள்.

ஐந்து வருடப் பொறுமை

1979ஆம் ஆண்டு கிறிஸ்டோப் போஷ் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியும் அவருடைய மனைவி ஹெட்விக்கும் இந்தக் காட்டில் முகாம் அமைத்து ஆய்வைத் தொடங்கினார்கள். நாள்தோறும் சிம்பன்சிகளின் சத்தத்தைப் பின்தொடர்ந்து நடப்பார்கள். இவர்களைக் கண்டதும் அவை ஓடிவிடும். உணவு வைத்து அழைக்கவும் இல்லை. சிம்பன்சிகள் ஓடாமல் நின்று தம் வேலையைப் பார்ப்பதற்குச் சுமார் ஐந்து வருடம் சென்றது. கிறிஸ்டோப் போஷ் 2024 ஜனவரியில் காலமானார். அவர்கள் தொடங்கிய பணி இன்றும் நடக்கிறது.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன் பெரிது. தாயீ சிம்பன்சிகள் கொட்டை உடைத்துத் தின்கின்றன. மரவேர் ஒன்றை அம்மியாக வைத்து, தடித்த கொம்பாலோ கல்லாலோ அடிக்கின்றன. பண்டா என்னும் கொட்டை மிகவும் கடினமானது. அதற்குப் பல கிலோ பாரமுள்ள கல் வேண்டும். ஓங்கி அடித்தால் பருப்பு நசுங்கிவிடும், மெதுவாக அடித்தால் ஓடு பிளக்காது. இந்தக் கைப்பக்குவத்தில் ஆண்களைவிடப் பெண்களே கெட்டிக்காரிகள்.

குட்டி இதைக் கற்றுத் தேறப் பல வருடம் செல்கிறது. தாய் உடைக்கும் போது குட்டி பக்கத்தில் இருந்து பார்க்கும், பருப்பைக் கேட்டு வாங்கித் தின்னும். தாய் சிலவேளை தன் கல்லையும் கொட்டையையும் அங்கேயே விட்டுவிட்டு விலகிப் போகும், குட்டி எடுத்துப் பழகட்டும் என்பதுபோல. இந்தக் காட்டு மண்ணைத் தோண்டியபோது, கொட்டை உடைத்த பழைய கற்கள் அகப்பட்டன. அவை 4,300 வருடத்துக்கு முந்தியவை என்றும், சிம்பன்சிகளே பாவித்தவை என்றும் 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படியானால் தாய்க்குப் பின் பிள்ளையாக எத்தனை தலைமுறை இந்த வேலையைக் கைமாற்றி வந்திருக்க வேண்டும்!

தாயை இழந்த குட்டிகளை வேறு சிம்பன்சிகள் எடுத்து வளர்த்த பதினெட்டுச் சம்பவங்களும் தாயீயில் பதிவாகியுள்ளன. வளர்த்தவர்களில் ஆண்களும் உண்டு. முதுகில் சுமந்து, உணவைப் பங்கிட்டு, தம் படுக்கையில் இடம் கொடுத்திருக்கின்றன.

வேட்டைக்காரன் மட்டுமா எதிரி?

சகோதரிகளே, இனித்தான் மனதை உறுத்தும் விசயம் வருகிறது.

1980களின் தொடக்கத்தில், முதலில் பழகிய கூட்டத்தில் சுமார் எண்பது சிம்பன்சிகள் இருந்தன. சுமார் இருபது வருடம் கழிந்தபோது இருபது அளவில்தான் மிஞ்சின. சிலவற்றைச் சிறுத்தைகள் கொன்றன, சிலவற்றை வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காகச் சுட்டார்கள். மிகுதியைக் கொண்டுபோனது நோய்.

1994இல் எபோலா தொற்றியது. இறந்த சிம்பன்சியொன்றைப் பரிசோதித்த பெண் ஆய்வாளர் ஒருவருக்கும் அது தொற்றியது. சுவிட்சர்லாந்தில் சிகிச்சை பெற்று அவர் உயிர் தப்பினார். 2001இலும் 2002இலும் அந்திராக்ஸ் என்ற கொடிய நோயால் பல சிம்பன்சிகள் திடீர் திடீரென்று விழுந்து மாண்டன. அன்று முதல் மிருக வைத்தியர்கள் முகாமில் இருந்து, காணும் ஒவ்வோர் உடலையும் தலை முதல் கால் வரை மூடிய பாதுகாப்பு உடையோடு பரிசோதிக்கிறார்கள்.

இவை காட்டிலுள்ள நோய்கள். மற்றொன்று வேறு வழியாக வந்தது. 1999க்கும் 2006க்கும் இடையில் தாயீ சிம்பன்சிகளுக்கு அடுத்தடுத்து இருமலும் தும்மலும் மூச்சிழுப்பும் பரவின. பல இறந்தன. இறந்தவற்றின் உடலிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். கண்டுபிடிக்கப்பட்டவை மனிதருடைய வைரசுகள். அவற்றில் ஒன்று, உலகில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குள் வந்து போகும் சாதாரணத் தடிமன் வைரசு. நாங்கள் கைமருந்து கொடுத்து நாலு நாளில் மறந்துவிடுவோமே, அதுதான்.

அதைக் காட்டுக்குள் கொண்டுபோனவர்கள் யார்? கொல்ல வந்தவர்கள் அல்லர். சிம்பன்சிகளின் பக்கத்தில் போய் நிற்கக்கூடியவர்கள் ஆய்வாளர்கள்தாம். ஐந்து வருடம் பொறுமையாக நடந்து சம்பாதித்த அந்த நெருக்கமே நோய்க்கும் வழியாகிவிட்டது.

இந்த நோய் ஒரு கூட்டத்துக்குள் எப்படிப் பரவுகிறது என்பதையும் ஆராய்ந்தார்கள். குட்டிகள் இரண்டு வயதை ஒட்டி ஓயாமல் விளையாடும். ஒன்றின் மேல் ஒன்று புரளும், கட்டிப் பிடிக்கும். ஒரே வயதில் பல குட்டிகள் சேரும் காலத்தில் தொற்றும் கூடுகிறது, குட்டிகளின் சாவும் கூடுகிறது. குட்டியை இழந்த தாய்மார் ஏறத்தாழ ஒரே காலத்தில் மறுபடி கருத்தரிக்கின்றன. ஆகவே மீண்டும் ஒரே வயதுக் குட்டிகள், மீண்டும் கூடி விளையாட்டு, மீண்டும் நோய். பிள்ளைகளின் விளையாட்டே பிள்ளைகளுக்கு வினையாகிறது.

தாயீயில் ஒரு பெண் சிம்பன்சி முதற் குட்டியை ஈனும்போது அதற்குப் பதின்மூன்று, பதினான்கு வயதாகிறது. குட்டி தப்பி வளர்ந்தால் அடுத்தது பிறக்க ஐந்தாறு வருடம் ஆகும். ஆகவே ஒரு தடிமன் ஒரு கிழமையில் எடுத்துக்கொள்வதை ஈடுசெய்யப் பல வருடம் வேண்டும்.

போகவும் முடியாது, நெருங்கவும் முடியாது

அப்படியானால் ஆய்வாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவதுதானே நல்லது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதே 2008ஆம் ஆண்டு ஆய்விலேயே அதற்கும் பதில் இருக்கிறது. முகாமைச் சுற்றியுள்ள பகுதியில் வேட்டையின் அடையாளங்கள் குறைவாகவும், சிம்பன்சிகளும் குரங்குகளும் கூடுதலாகவும் இருந்தன. நாள்தோறும் மனித நடமாட்டமுள்ள இடத்துக்குத் துப்பாக்கிக்காரன் வரத் தயங்குகிறான். ஆய்வாளர் போனால் துப்பாக்கி வரும், இருந்தால் இருமல் வரும்.

அவர்கள் இருப்பதென்றே முடிவு செய்தார்கள், ஆனால் ஒழுங்குகளோடு. வெளியூரிலிருந்து வருபவர் முதலில் சில நாட்கள் ஒதுங்கி இருக்க வேண்டும். தடிமன், காய்ச்சல் என்றால் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. முகமூடி கட்டாயம். காட்டுக்கென்று தனி உடுப்பு. சப்பாத்தை மருந்து நீரில் கழுவ வேண்டும். உணவின் மிச்சம் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழு மீற்றர் தூரம். சிம்பன்சி தானாக நெருங்கி வந்தாலும் மனிதர்தான் பின்வாங்க வேண்டும். கொரோனா பரவிய 2020இல் உலகெங்கும் பெருங்குரங்குகளோடு பணிபுரிவோருக்குப் பத்து மீற்றர் தூரம் பேணும்படி அறிவுறுத்தினார்கள். கொரோனா காலத்தில் நாங்கள் பழகிய முகமூடியும் இடைவெளியும் தாயீ காட்டில் அதற்குப் பல வருடம் முன்பே பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆளில்லாமற் பார்க்கும் வழிகளும் வந்துள்ளன. மரத்தில் கட்டி வைத்த கமெராக்கள், ஏதேனும் அசைந்தால் தாமாகவே படம் பிடிக்கும். முகத்தைப் பார்த்து இது இன்னாருடைய பிள்ளை என்று அடையாளம் காண்கிறார்கள். 2005 தொடக்கம் பூங்கா அதிகாரிகளும் காட்டுச் சிம்பன்சி நிதியமும் சேர்ந்து காடு முழுவதையும் ஒழுங்காக நடந்து எண்ணி வருகிறார்கள். படுக்கை எத்தனை, வெற்றுத் தோட்டாக்கள் எத்தனை, கண்ணி எத்தனை என்று குறிக்கிறார்கள். எந்த மூலையில் வேட்டை கூடியிருக்கிறதோ அங்கே காவலரை அனுப்ப இது உதவுகிறது. கிராமங்களில் நாடகம் போடுகிறார்கள், பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கழகம் அமைத்துக் காட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இறைச்சிக்கும் நிலத்துக்கும் காட்டை நம்பியிருந்தவர்கள் மனம் வைக்காமல் காவலரால் மட்டும் எதையும் காக்க முடியாது.

அன்பு என்றால் கிட்டப் போய்த் தொட்டுத் தூக்குவது என்றே நாங்கள் பழகியிருக்கிறோம். தள்ளி நிற்பதும் அன்புதான் என்று தாயீ காட்டுக்காரர்கள் இழப்புக்குப் பின்னே கற்றுக்கொண்டார்கள். மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும்போது, கூட்டுக்குள் கடித்த பழத்தை எறிய வேண்டாமென்று பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லிக் கொடுங்கள்.

வீட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளை பெற்ற வீடு பார்க்கப் போகிறோம். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தாலும், "தூக்காமல் வந்தால் குறை நினைப்பார்கள்" என்று பச்சைக் குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறோம். எங்களுக்கு வெறும் தடிமனாக இருப்பது, பிறந்து சில கிழமையான பிள்ளைக்கு மூச்சுத் திணறலாகி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகலாம். சுகமானபின் போங்கள். போனாலும் கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். பிள்ளையின் உம்மா "கொஞ்சம் தள்ளி இருங்க மச்சி" என்று சொன்னால், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் சரியாகத்தான் சொல்கிறாள்.