மாநிறம், சராசரி உயரம்

நம் மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் ஒருத்தி அறிமுகமாகும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? மாநிறம், களையான முகம், சராசரி உயரம், இடுப்பைத் தொடும் கூந்தல். ஆண் என்றால் திடகாத்திரமான உடம்பு, கூர்மையான பார்வை. காணாமல் போனவரைப் பற்றிப் போலீசில் புகார் கொடுத்தால்கூட இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள். இத்தனை அடைமொழிகளையும் படித்துவிட்டுக் கண்ணை மூடினால் ஒரு முகமும் தெரியாது.

வெறும் சோம்பல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. நல்லவள் சிவந்த மேனியோடு வருகிறாள். அடியாள் கன்னங்கரேலென்று வருகிறான். சீனத் தவுக்கே என்றால் தொந்தியும் பேராசையும் இலவச இணைப்பு. மலாய்க்காரர் வந்தால் சோம்பேறி. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே எழுத்தாளர் தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்.

பினாங்கில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதுவதுதான் எனக்கு எரிச்சல். ஜார்ஜ் டவுனின் நடுவே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுப்பியவர் காதிர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். பள்ளிவாசலின் பெயரில் அவர் பெயர் இல்லை, 'கெலிங்' இருக்கிறது. ஒரு காலத்தில் தென்னிந்தியரைச் சுட்டிய சாதாரணச் சொல். இன்று யாராவது நம்மைப் பார்த்துச் சொன்னால் சுருக்கென்று தைக்கிறது. ஏன்? ஒரே சொல்லுக்குள் நம் அத்தனை பேரையும் போட்டு அடைத்துவிடுவதால். அதே வேலையை 'சப்பை மூக்குச் சீனன்' என்று நாம் செய்தால் மட்டும் அது வருணனையாகிவிடுமா?

இதே ஊர் வேறு மாதிரியும் பெயர் வைத்திருக்கிறது. நாசி கண்டார். கண்டார் என்றால் தோளில் சுமக்கும் காவுதடி. அதன் இரு முனைகளிலும் சோறும் குழம்பும் தொங்கத் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற சாப்பாடு. சுவையான, மணமான என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பெயரிலேயே சுமந்தவனின் தோள் தெரிகிறது.

நல்ல எழுத்தாளர்கள் ஆளை அறிமுகம் செய்வதும் இப்படித்தான். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கந்தசாமிப் பிள்ளை சென்னையில் ஒரு சந்தியில் நின்று டிராமிலா பஸ்ஸிலா, எதில் போனால் எவ்வளவு காசு மிஞ்சும் என்று தீவிரமாக யோசிக்கிறார். மூக்கு, முழி எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தக் காசுக் கணக்கிலேயே மனுஷன் பிடிபட்டுவிடுகிறார். நம் ஊர்க்கதையே வேண்டுமா? ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கு லேவாதேவிக் கடை முதலாளி 'வானாயீனா'. விலாச எழுத்துகளே அவருக்குப் பெயராகிவிட்டன. தொழில் ஒரு மனிதரின் பெயரையே விழுங்கியிருப்பதைக் காட்ட எத்தனை அடைமொழி போட்டாலும் இவ்வளவு வராது.

ஆக, 'பேராசை பிடித்த, பருத்த தவுக்கே' என்று எழுதுகிறவரிடம் நான் கேட்பது பெரிய வித்தை அல்ல. அவர் நோட்டு எண்ணும்போது யாராவது பேசினால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார் என்று எழுதுங்கள். பேராசையா, கவனமா, ஒருமுறை ஏமாந்த பயமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும். அந்த உரிமையை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.

"அப்படின்னா நிறத்தைச் சொல்லவே கூடாதா சார்?" என்பார்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அது யார் கண்ணில் படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண் பார்க்க வந்த அத்தை, "பொண்ணு கொஞ்சம் கலர் கம்மிதான்" என்று காப்பியை உறிஞ்சினால் அங்கே நிறம் கதைக்குள் வந்துவிடுகிறது. பெண்ணும் தெரிகிறாள், அத்தையும் தெரிகிறாள். அதையே கதைசொல்லியாக நின்று நீங்கள் சொன்னால், அந்த அத்தை நீங்கள்தான்.