புறப்படுமுன்

வீட்டை விட்டு நீங்கி, மலைச்சாரலிலோ ஆற்றங்கரைச் சோலையிலோ கூடாரம் அமைத்துச் சில நாள் தங்கி வருதல் இளைஞர்க்கு இன்பம் தருவது. அருவியின் ஒலியைக் கேட்டுக் கண்ணயர்வதும், பறவைகளின் குரலைக் கேட்டுக் கண்விழிப்பதும், தாமே சமைத்த உணவை நண்பரோடு பகிர்ந்துண்பதும் நகரத்துத் தெருவில் எளிதிற் கிடைக்கும் பேறுகள் அல்ல. ஆதலின், சாரணர் இயக்கமும் தேசிய மாணவர் படையும் இத்தகைய பாசறைகளைப் பயிற்சியின் ஒரு கூறாகவே வைத்துள்ளன.

பாசறை வாழ்க்கையால் உடல் உரம் பெறும், உள்ளம் துணிவு பெறும் என்று பலரும் கூறுவர். அஃது உண்மையே. ஆயினும், அவர் பெரிதும் எடுத்துரையாத ஒன்றை ஈண்டு மாணவர்க்குக் கூற விரும்புகின்றேன். பாசறையால் விளையும் பயனிற் பெரும்பகுதி புறப்படுமுன்னரே கிடைப்பது. திட்டமிடுதலும் ஆயத்தம் செய்தலுமே அதன் முதற் பாடம். அப்பாடம் மாணவர்க்கே உரியது. அதனைப் பிறர் செய்து கொடுத்தல், மாணவனுக்குரிய கணக்கைத் தந்தை போட்டுக் கொடுப்பதை ஒக்கும்.

இக்காலத்தில் நடப்பதைப் பாருங்கள். ஆசிரியர் பட்டியல் எழுதுகின்றார். அன்னை பையைக் கட்டுகின்றாள். பொருள் பெற்றுக்கொண்டு ஒப்பந்தக்காரர் கூடாரம் அடிக்கின்றார். சமையற்காரர் உணவு ஆக்குகின்றார். மாணவன் செய்வது யாது? ஊர்தியில் ஏறுகின்றான், இறங்குகின்றான், கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டு மீள்கின்றான். இவனைப் பாசறைக்குச் சென்றவன் என்று கூறுதல் பொருந்துமோ? கொண்டு செல்லப்பட்ட மூட்டைகளுள் இவனும் ஒன்று என்பதே பொருந்தும்.

சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவுல் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சித் தீவிற் சிறுவர்க்கெனப் பாசறை ஒன்று நடத்தினார். செல்வர் வீட்டுச் சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அதில் ஒருங்கே தங்கினர். அவர்களை அவர் நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் சிறுவருள் ஒருவனையே தலைவனாக்கி, அணியின் பொறுப்பை அவனிடம் விட்டார். பொறுப்பைக் கொடுத்தாலன்றிப் பொறுப்புணர்ச்சி வளராது என்பதை அப்பெரியார் நன்கு அறிந்திருந்தார்.

இனி, ஆயத்தம் எவ்வாறு செய்தல் வேண்டும்? இதற்கு நாம் தொலைவிற் சென்று வழி தேட வேண்டுவதில்லை. திருக்குறளின் பொருட்பாலில் 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்கள் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அமைந்துள்ளன. அரசர்க்கும் அமைச்சர்க்கும் கூறியனவேனும், பத்து மாணவர் இரண்டு நாள் வெளியிற் சென்று தங்குவதற்கும் இந்நான்கே போதிய வழிகாட்டிகளாம்.

முதலாவது, செயலைத் தெரிதல். எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை வேளை உணவு என்பனவற்றைத் தாளில் எழுதுதல் வேண்டும். ஒருவர்க்கு ஒரு வேளைக்கு 125 கிராம் அரிசி எனக் கொண்டால், 30 பேர் நான்கு வேளை உண்ண 15 கிலோ அரிசி வேண்டும். பருப்பு, உப்பு, எண்ணெய் ஆகியவற்றையும் இவ்வாறே கணக்கிடலாம். வகுப்பில் உயிரற்றதாகத் தோன்றிய பெருக்கற் கணக்கு, பசித்த வயிற்றோடு தொடர்புற்றவுடன் உயிர் பெற்று எழுவதைக் காண்பீர்கள்.

பட்டியலில் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஆராய்தல் வேண்டும். கூடாரத்தின் முளைகள் எண்ணிக்கையிற் சரியாக உள்ளனவா? கயிறு இற்றுப் போயிருக்கிறதா? கைவிளக்கு எரிகின்றதா? தீப்பெட்டி நனையாமல் இருக்கத் தகர டப்பா உண்டா? இவை சிறிய வினாக்கள். ஆயினும் சிறுமை கருதி இகழத்தக்கன அல்ல. தென்முனையை நாடிச் சென்ற ஆங்கிலேய வீரர் ஸ்காட்டின் வரலாறு இதற்குச் சான்று. 1912-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவரும் தோழர் நால்வரும் தென்முனையை அடைந்து மீண்டனர். வழியில் முன்னரே வைத்துச் சென்ற எண்ணெய்த் தகரங்களைத் திறந்தபோது, எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லை. தகரத்தின் மூடியில் வைத்திருந்த தோல் வளையம் கடுங்குளிரிற் கெட்டு, எண்ணெய் கசிந்து ஆவியாகிவிட்டது. எண்ணெய் குறைந்ததால் பனியை உருக்கவும் உடலைச் சூடேற்றவும் வழி குறைந்தது. அவர்களது அழிவிற்கு வேறு காரணங்களும் உண்டு; இதுவும் அவற்றுள் ஒன்று. உணவும் எண்ணெயும் நிறைந்த அடுத்த சேமிப்பிடத்திற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், எஞ்சிய மூவரும் தம் கூடாரத்திலேயே உயிர் நீத்தனர். அவருக்கு முன்னரே முனையை அடைந்த நார்வே நாட்டு அமுண்ட்செனோ தம் தகரங்களின் வாயைப் பற்றவைத்து மூடியிருந்தார். வீரத்தில் ஸ்காட் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். வீரம் மிக்கோர்க்கும் மூடி இறுக்கமாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, வலியறிதல். மயிலிறகு மெல்லியதே, எனினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காட்டிய உவமை. மாணவன் முதுகிற் சுமக்கும் பைக்கும் இது பொருந்தும். சுமை தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கினை விஞ்சாதிருத்தல் நன்று. 45 கிலோ எடையுள்ள மாணவன் 9 கிலோவிற்கு மேற் சுமந்து மலையேறினால், காட்சியைக் காணான். தன் கால் விரலையே கண்டு நடப்பான். குழுவின் வலிமையை அளக்கும்பொழுது, விரைந்து நடப்பவனை அளவுகோலாகக் கொள்ளலாகாது. மெல்ல நடப்பவனையே கொள்ளுதல் வேண்டும். எவரேனும் இழைப்பு நோய் உடையராயின், அவருடைய மருந்து எந்தப் பையில் உள்ளது என்பதைக் குழுவினர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

வலியறிதலிற் பொருள்வலியும் அடங்கும். விலையுயர்ந்த பையும் காலணியும் வாங்கியவரே பாசறைக்கு வரலாம் என்றால், வகுப்பிற் பாதிப்பேர் வீட்டிலேயே தங்க நேரும். கூடியிருந்து பட்டியல் எழுதினால் இவ்விடர் நீங்கும். ஒருவன் வீட்டுத் தவலை, மற்றொருவன் வீட்டுக் கயிறு, வேறொருவன் வீட்டுக் கம்பளம் என அனைத்தும் பொதுப்பொருளாகும். தவலை கொணர்ந்தவனும் கம்பளம் கொணர்ந்தவனும் ஒரே கூடாரத்தில் ஒப்ப உறங்குவர்.

மூன்றாவது, காலமறிதல். நம் நாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் காலம். மார்கழியிலும் தையிலும் உதகையிற் புல்மேல் உறைபனி படியும். தஞ்சைச் சமவெளியின் குளிரை எண்ணி ஒற்றைப் போர்வையோடு செல்பவன் இரவு முழுதும் உறங்கான். மாசி முதல் மலைப்புல் காய்ந்து, சிறு பொறிக்கும் பற்றிக்கொள்ளும் நிலையில் இருக்கும். 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில், மலையேறச் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பலர் இளம் வயதினர். மலையின் அழகைக் காணும் ஆசையன்றி வேறு குற்றம் அறியாதவர். தீயானது சரிவில் கீழ்நோக்கிப் பரவுவதினும் மேல்நோக்கி மிக விரைந்து பரவும்; காய்ந்த புல்லினிடையே அகப்பட்டவர் ஓடித் தப்புதல் அரிது. காட்டிற்குட் செல்ல வனத்துறையின் இசைவைப் பெறுதல் வேண்டும் என்பதும், தீப்பருவத்தில் வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பதும் வெறும் அலுவலக முறைகள் என்று எண்ணற்க. அவை உயிரைக் காக்கும் வேலிகள்.

நான்காவது, இடனறிதல். 30 பேருக்கு ஒருநாட் குடிநீர் மட்டும் ஆளுக்கு மூன்று லிட்டர் வீதம் 90 லிட்டர் ஆகும். அதன் எடை 90 கிலோ. இதனை முதுகிற் சுமந்து செல்ல இயலாது. ஆதலின் நீர் கிடைக்கும் இடத்தைத் தேர்தல் வேண்டும்; அந்நீரையும் காய்ச்சியே பருகுதல் வேண்டும். நீருக்கு அருகில் என்றால் ஆற்றின் மணற்படுகையில் என்று பொருள் அன்று. மேலே தொலைவிற் பெய்த மழை, கீழே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளமாக வந்து இறங்கும். பட்ட கிளையுள்ள மரத்தின் கீழும், வெட்டவெளியில் தனித்து நிற்கும் நெடுமரத்தின் கீழும் கூடாரம் அடித்தல் தகாது. கழிவிடம் நீர்நிலைக்கு 60 மீட்டரேனும் அப்பால் இருத்தல் வேண்டும்.

நம் முன்னோர் இக்கலையில் தேர்ந்தவர் என்பதற்குப் பத்துப்பாட்டுள் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு சான்று பகர்கின்றது. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில், நப்பூதனார் அரசன் ஒருவனது பாசறையைக் காட்டுகின்றார். காட்டாற்றை ஒட்டிய முல்லை நிலத்திற் புதர்களை அகற்றி இடம் செய்துள்ளனர். சுற்றிலும் முள்வேலி இட்டுள்ளனர். தழை வேய்ந்த குடில்களைத் தெருத் தெருவாக அமைத்துள்ளனர். இரவில் விளக்கு அணையாதபடி தூண்டுவோர் உளர், காவலர் உளர், நீர்க்கடிகை கொண்டு பொழுது அளந்து கூறுவோரும் உளர். இடம், வேலி, ஒளி, காவல், காலக்கணக்கு எனும் ஐந்தில் எதனையும் அவர்கள் மறந்திலர். போர்க்களத்திற்குச் செல்வோரே இத்துணை ஒழுங்கு பேணினர் என்றால், பொழுதுபோக்கச் செல்லும் நாம் பேணாதிருத்தல் முறையாகுமா?

இவ்வாறு யாவற்றையும் முன்னரே வகுத்துவிட்டால், பயணத்தின் வியப்பும் இன்பமும் குன்றிவிடும் எனச் சிலர் கூறுவர். அவர் கருத்து ஆராயாது கூறிய கருத்து. கூடாரம் ஒழுகாது, தீப்பெட்டி நனையாது, அரிசி குறையாது என்று அறிந்தவனே மழையைக் கண்டு மகிழ்வான். ஏனையோனுக்கு அதே மழை துன்பமாகும். மாணவர் சிறியர், பிழை செய்வர், அவரிடம் இப்பணியை விடலாகாது என்பர் வேறு சிலர். பிழை செய்வர் என்பது மெய்யே. அதற்காகவே ஆசிரியர் இருக்கின்றார். அவர் திட்டத்தைப் படித்துப் பார்த்துத் திருத்தட்டும். உயிர்க்கு ஊறு நேரும் என்றால் தடுக்கட்டும். தாளிற் செய்த பிழையை அழித்து எழுதலாம். காட்டிற் செய்த பிழையை அழித்து எழுத இயலாது. ஆதலின், பிழைகளையெல்லாம் தாளிலேயே செய்து முடித்தல் நன்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர்ப் பள்ளித் திடலில் ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கிப் பார்த்தால், எஞ்சிய பிழைகளும் வெளிப்பட்டுவிடும்.

இன்னும் இரண்டு செய்திகள் திட்டத்தில் இடம்பெறுதல் வேண்டும். ஒன்று, செல்லும் வழி, தங்கும் இடம், மீளும் நேரம், அருகிலுள்ள அரசு மருத்துவமனை ஆகியவற்றை எழுதி வீட்டிலும் பள்ளியிலும் கொடுத்துச் செல்லுதல். கைப்பேசி இருக்க இஃது எதற்கு என எண்ணற்க. மலையிடுக்கில் அது வாய் திறவாது. பாம்பு தீண்டினால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் செய்யாமல், தீண்டப்பட்டவரை அசையவிடாது விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. அந்நேரத்தில் வழி தேடிக் கொண்டிருத்தல் ஆகாது.

மற்றொன்று, எந்நிலையில் திரும்புவது என்பதை முன்னரே முடிவு செய்தல். அமுண்ட்சென் 1911-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாளே தென்முனை நோக்கிப் புறப்பட்டார். குளிர் பொறுக்கலாகாத அளவு கடுமையாக இருந்தது. சில நாளிலேயே அவர் திரும்பினார். காலம் பார்த்திருந்து, அக்டோபர் 19-ஆம் நாள் மீண்டும் புறப்பட்டு, டிசம்பர் 14-ஆம் நாள் முனையை அடைந்தார். திரும்பியதனால் அவர் புகழ் குறைந்ததா? திரும்பத் தெரிந்தமையாலன்றோ அவர் மீண்டும் செல்ல முடிந்தது! ‘மழை இவ்வளவு பெய்தால் திரும்புவோம், பொழுது இவ்வளவு ஆனால் ஏறுவதை நிறுத்துவோம்’ என்று நிழலில் அமர்ந்து அமைதியாக முடிவு செய்த குழு, மலையுச்சியின் ஆசையில் அறிவை இழவாது.

மாணவர்காள்! அடுத்த முறை உங்கள் பள்ளியிற் பாசறைக்குச் செல்லும் பேச்சு எழும்போது, எங்கே போகின்றோம் என்று மட்டும் கேளாதீர்கள். திட்டம் எழுதும் தாளை எங்களிடம் தாருங்கள் என்று பணிவோடு ஆசிரியரைக் கேளுங்கள். அரிசியை நீங்கள் அளவுங்கள். கயிற்றை நீங்கள் இழுத்துப் பாருங்கள். சுமையை நீங்கள் பகிருங்கள். வனத்துறைக்கு விண்ணப்பத்தையும் நீங்களே நல்ல தமிழில் எழுதுங்கள். இரண்டு நாட் பாசறைக்கு இவற்றையெல்லாம் ஆராய்ந்து செய்யப் பழகியவன், நாளை ஒரு குடும்பத்தையும் ஓர் ஊரையும் நடத்த வேண்டிய பொறுப்பு வரும்போது கலங்கமாட்டான்.