ஆராயும் மருத்துவம்

மருத்துவமனை என்றதும் நோயாளிகளின் வரிசையும் படுக்கைகளும் மருந்தகமும் மனக்கண்முன் தோன்றும். அங்கு அறிவியலாளருக்கு என்ன பணி என்று கேட்போர் உண்டு. படுக்கைகளே போதாத நாட்டில் ஆய்வுக்குப் பொருள் செலவிடத்தான் வேண்டுமா என்பது அவர்தம் வினா. நியாயமாகத் தோன்றும் இவ்வினாவுக்குச் சென்னை நகரின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காசநோயாளிகளை அதற்கென அமைந்த மருத்துவமனைகளில் பல மாதங்கள் தங்கவைத்து, ஓய்வும் சத்துணவும் அளிப்பதே வழக்கம். ஆனால், நோயுற்றோர் எண்ணிக்கையோ மிகுதி. படுக்கைகளோ மிகக் குறைவு. இடம் கிடைக்காத ஏழையின் நிலை என்ன? ஐசோனியசிட் போன்ற புதிய மருந்துகள் வந்துவிட்ட நிலையில், அவற்றை வீட்டிலிருந்தே உட்கொண்டு நலம் பெற முடியாதா?

இதனை ஆராய 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இதில் கைகோத்தன. ஏறத்தாழ இருநூறு நோயாளிகள், எவர் விருப்பமும் குறுக்கிடாதவாறு, இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவமனையில் தங்கினர்; மற்றவர் நெருக்கடி மிகுந்த தம் வீடுகளிலேயே எளிய உணவுடன் இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டன. செவிலியர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். ஆய்வகத்தார் சளியைச் சோதித்தனர். புள்ளியியலாளர் முடிவுகளை ஒப்பிட்டனர்.

1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. வீட்டில் இருந்தோரும் மருத்துவமனையில் இருந்தோருக்கு ஏறத்தாழ இணையாக நலம் பெற்றிருந்தனர். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெளிவாயிற்று. இதன்பின் வீட்டிலிருந்தே மருந்துண்ணும் முறை உலகின் பல நாடுகளிலும் வேரூன்றியது.

அன்று ஆய்வுக்கான பொருளைக் கொண்டு மேலும் சில படுக்கைகளை அமைத்திருக்கலாம். சிலர் பயன்பெற்றிருப்பர். ஆனால், ஆய்வோ படுக்கையே கிடைக்காத எண்ணற்றோருக்கு வழி திறந்தது. எனவே, சிகிச்சைக்கு எதிரான செலவாக ஆய்வைக் கருதுவது பிழை.

ஆய்வு நிறுவனம் அறிவியலாளருக்கு அளிப்பது கருவிகளை மட்டுமன்று. தடையற்ற நிதி, பல்துறையினரின் துணை, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பொறுமை ஆகியவற்றையும் அது அளிக்க வேண்டும். ‘இயலாது’ என்ற விடை வந்திருப்பினும் அதுவும் அறிவே. தவறான முறையிலிருந்து அது மக்களைக் காத்திருக்கும். உடனடிப் பயனை மட்டுமே கேட்கும் சமூகத்தில் இத்தகைய ஆய்வு வளராது.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்கு கூறாகக் கண்டார் வள்ளுவர். சென்னை ஆய்வின் வெற்றியிலும் இந்நால்வகைக்கும் பங்குண்டு. தம் உடலையும் நம்பிக்கையையும் ஒப்படைத்த எளிய நோயாளிகளின் பங்கு அவற்றுள் முதன்மையானது. அந்நம்பிக்கைக்குத் தகுதியான ஆய்வு நிறுவனங்களைப் பேணுவது அரசின் கடமை; அவற்றில் பணியாற்ற முன்வருவது இளைய தலைமுறையின் கடமை.