இரவில் தாழும் எஸ்-கிளாஸ்

மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1998 முதல் 2005 வரை ஜெர்மனியின் சிண்டல்ஃபிங்கன் ஆலையில் தயாரித்த, டபிள்யூ220 என்னும் உள்குறியீடு கொண்ட எஸ்-கிளாஸ் கார்கள், வயதானபின் ஓயாமல் பழுதாகின்றன என்று பெயர் வாங்கியவை. எனினும் அவற்றின் பழுதுப் பட்டியலைக் கூர்ந்து நோக்கினால், தனித்தனியாகத் தோன்றும் பலவும் ஒரே கோளாற்றின் அடுத்தடுத்த கட்டங்களாக இருப்பது தெரியவரும்.

இதற்கு முதற்சான்று ஏர்மேட்டிக் எனப்படும் காற்று சஸ்பென்ஷன். இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய ரப்பர் உறைகள் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. ஒரு கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் தர, வால்வுத் தொகுதி அதனை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்க, உயரத்தை அளக்கும் சென்சார்கள் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இடைவிடாமல் தகவல் அனுப்புகின்றன. (1961-இல் வெளிவந்த 300 எஸ்இ மாடலிலேயே காற்று சஸ்பென்ஷன் இருந்தது, இந்நிறுவனத்துக்கு அதன்மேல் உள்ள பற்று பழையது.) ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் மடிப்புகளில் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் தோன்றி, இரவில் நிறுத்திய வண்டி காலையில் ஒருபக்கம் தாழ்ந்து கிடக்கும், என்ஜினை இயக்கியதும் கம்ப்ரஸர் அதனைத் தூக்கி நிறுத்திவிடுவதால், உரிமையாளர் கவலையின்றிப் புறப்பட்டுவிடுவார்.

கேடு தொடங்குவது இங்கேதான். சிறிது நேரமே ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்ட கம்ப்ரஸர், கசிவை ஈடுசெய்ய நெடுநேரம் ஓடிச் சூடேறித் தேய்கிறது. அதற்கு மின்சாரம் விடும் ரிலேயின் உட்தொடுகைகள் உருகி ஒட்டிக்கொண்டால், அது நிற்காமல் ஓடி எரிந்தே போகும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால் கம்ப்ரஸரின் குறை தெரியும். ரப்பரில் மின்கம்பி ஏதும் இல்லாமையால் அதன் குறையை ஸ்கேனர் நேரடியாகச் சொல்ல வழியில்லை. புதிய கம்ப்ரஸர் பொருத்தப்படுகிறது, வண்டி எழுகிறது, கசிவு அப்படியே இருப்பதால் அதுவும் காலத்துக்கு முன்பே எரிகிறது. சோப்புநீரைத் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்திருந்தால் வெளிப்பட்டிருக்கக்கூடிய உண்மைக்கு, உரிமையாளர் இரண்டு கம்ப்ரஸர்களின் விலையைக் கொடுக்கிறார்.

கியர்பாக்ஸிலும் இதே கதைதான். இக்கார்கள் பலவற்றில் உள்ள 722.6 வகை ஐந்து வேகத் தானியங்கிப் பெட்டியில், மின்கம்பிகள் நுழையும் பிளாஸ்டிக் இணைப்பியின் ரப்பர் வளையம் இறுகிப்போனால், எண்ணெய் கசிந்து, கம்பிகளின் உள்ளேயே நுண்துளையேற்றத்தால், அதாவது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, மேலேறிக் கட்டுப்பாட்டுக் கருவியை நனைக்கக்கூடும். அப்போது பெட்டி தற்காப்பு நிலைக்குச் சென்று இரண்டாம் கியரிலேயே நின்றுவிட, பெட்டியையே மாற்றவேண்டும் என்ற தீர்ப்பும் சில இடங்களில் கிடைக்கும். இதில் மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. இந்த எண்ணெய் பெட்டியின் ஆயுள்வரை போதும் என்று முதலில் கூறியதும், பின்னர் மாற்றும் கால அளவை விதித்ததும் தயாரிப்பாளரே.

பழைய சொகுசுக் காரின் விற்பனை விலை சிறிய காரின் அளவுக்கு இறங்கினாலும் உதிரிபாகங்களின் விலை அதனோடு இறங்குவதில்லை. அதனால் மூன்றாம், நான்காம் உரிமையாளர்கள் கசிவைத் தள்ளிப்போட, கசிவு கம்ப்ரஸரைத் தின்கிறது. காற்று உறைகளைக் கழற்றிவிட்டுச் சுருள்வில் பொருத்தும் மாற்றுத் தொகுப்புகளும் கடைகளில் உண்டு. செலவுக் கணக்கில் அது குற்றமற்ற முடிவே, ஆயினும் எஸ்-கிளாஸை வாங்கத் தூண்டிய மிதக்கும் ஓட்டத்தை அதன்பின் எதிர்பார்க்க இயலாது. காற்று சஸ்பென்ஷனையே காப்பாற்ற விரும்புவோர், கசியும் உறையை அதே அச்சின் மறுபக்க உறையோடு சேர்த்து மாற்றி, விலை குறைந்த அந்த ரிலேயையும் உடன் மாற்றிவிட்டு, அதன் பிறகே கம்ப்ரஸரைச் சோதிப்பது முறையாகும்.