எல்லாவற்றுக்கும் கேஸ்தானா?

போன மே மாதம். கத்திரி வெயில். அப்பத்தாவுக்கு மதுரையில் கண்புரை ஆபரேஷன் முடிந்து காரில் காரைக்குடிக்குக் கூட்டி வருகிறோம். மேலூர் தாண்டியதும் ஏ.சி.யில் இருந்து அனல் காற்று! கண்ணில் தூசு படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஜன்னலையும் இறக்க முடியவில்லை. திருப்பத்தூர் வருவதற்குள் அப்பத்தாவுக்குத் தலைசுற்றல். ஒரு டீக்கடை நிழலில் அரை மணி நேரம் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் கிளம்பினோம்.

இத்தனைக்கும் மூன்று வாரம் முன்னால்தான் அந்த ஏ.சி.க்கு கேஸ் போட்டிருந்தோம். அதற்கு முந்தைய வருடமும் போட்டோம். இரண்டு தடவையும் ஒரே வசனம்: "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டா ஐஸ் மாதிரி வரும்." அப்பா இரண்டு தடவையும் "சரி, போடுங்க" என்றார். ஒவ்வொரு தடவையும் 1,800 ரூபாய்.

நான் மெக்கானிக்கல் படிக்கிறேன். அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் கேஸ் என்பது பெட்ரோல் இல்லை. ஓட ஓடத் தீர்ந்து போகாது.

ஏ.சி.யில் நடப்பது ஒரு சுற்று. கம்ப்ரஸர் கேஸை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரில் அது சூட்டை வெளியே விட்டு திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்ன ஓட்டை வழியே பாய்ந்ததும் அழுத்தம் குறைந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மறுபடி கம்ப்ரஸர். வீட்டு ஃபிரிட்ஜிலும் இதே கதைதான். அதற்கு வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா என்ன?

கார் ஏ.சி.யில் ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் எல்லாம் இருப்பதால் பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் ஒரே சீசனில் காலியானால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

இன்னொன்று. சூடான காற்று வந்தாலே கேஸ் குறைவு என்பதும் இல்லை. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் நாமே கவனிக்கக் கூடியவை நிறைய உண்டு.

ஹைவேயில் ஓடும்போது ஜில்லென்று வந்து, சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்ஸர் ஃபேன் ஓடவில்லை, அல்லது கண்டென்ஸரில் தூசு அடைத்திருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். (பார்க்கும்போது கையைத் தள்ளியே வையுங்கள். அந்த ஃபேன் திடீரென்று சுற்றும்.)

ஆரம்பத்தில் ஜில்லென்று வந்து, போகப் போகக் காற்றே குறைகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கலாம். கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ஏ.சி. போட்டதும் 'டக்' என்று கிளட்ச் சத்தம் கேட்கவில்லையா? ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் என்று பல காரணங்கள் இருக்கலாம். கேஸ் குறைவு அதில் ஒன்று மட்டுமே. (கிளட்ச் இல்லாத கம்ப்ரஸரும் உண்டு. அதில் இந்தச் சத்தம் வராது.)

குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? அங்கேதான் ஒழுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும்.

நம் வேலை இதோடு நிற்கட்டும். குழாயைக் கழற்றவே கூடாது. திரவ நிலையில் கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும்.

நாங்கள் மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக். கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இப்ப கேஸ் போட மாட்டேன்" என்றார். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். கண்டென்ஸர் இணைப்பில் குமிழி. உள்ளே ஓ-ரிங் வெடித்திருந்தது. ஐம்பது ரூபாய்கூட பெறாத சாமான்! அதை மாற்றி, அரை மணி நேரம் வேக்கம் போட்டு, கேஸை எடை பார்த்து ஏற்றினார். இந்த வருடக் கோடையும் ஓடிவிட்டது.

பணம் மட்டும் பிரச்சினை இல்லை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. ஓசோனைக் கெடுத்த ஆர்-12க்கு மாற்றாக வந்தது. ஓசோனுக்கு இதனால் கெடுதல் இல்லை, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,430 மடங்கு. 400 கிராம் காற்றில் கலந்தால் 570 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிட்டத்தட்ட 250 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி! இந்த வகை கேஸ்களைக் குறைக்கத்தான் 2016-இல் கிகாலி ஒப்பந்தம் போட்டார்கள். 2021-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் ஒரு பக்கம் இருக்க, நாம் வருஷா வருஷம் பணம் கொடுத்து காற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒழுக்கைத் தேட அரை நாள் ஆகும் என்றால் நாம் பக்கத்துக் கடைக்குப் போகிறோம். அரை மணியில் ஜில் என்று ஆக வேண்டும் நமக்கு. கேட்கிறதைத்தானே அவரும் விற்பார்?

அதனால் அடுத்த தடவை "கேஸ் கம்மி சார்" என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒழுக்கு எங்கே? வேக்கம் போட்டீர்களா? எத்தனை கிராம் ஏற்றினீர்கள்? பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் சரியான அளவு இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் முதல் வருடமே கேட்டிருந்தால் அப்பத்தா அந்த பெஞ்சில் படுத்திருக்க வேண்டியதில்லை.